வாசல்ல வாட்ச்மேன், கொல்லைப்பக்கம் யாரு?

எந்தக் கம்பெனிக்குப் போய் "உங்க மெயில் சர்வர்ல ஸ்பாமுக்கு என்ன ஏற்பாடு?"ன்னு கேட்டாலும் ஒரே மாதிரிதான் பதில் வரும். வருஷா வருஷம் காசு கட்டி வாங்கற ஃபில்ட்டரோட பேரைச் சொல்வாங்க. "ஒரு நாளைக்கு எத்தனை குப்பையைப் பிடிக்குது தெரியுமா!"ன்னு கலர் கலரா ஒரு கிராஃபையும் காட்டுவாங்க. சரிங்க, அது உள்ளே வர்றது. உங்க சர்வர்ல இருந்து வெளியே போறதை யார் பார்க்கறாங்கன்னு அடுத்த கேள்வி கேட்டா, அட்மின் பையன் முதலாளி முகத்தைப் பார்ப்பான். முதலாளி ஜன்னலைப் பார்ப்பார்.

என் கட்சி இதுதான். உள்ளே வர்ற ஸ்பாமை விட வெளியே போற ஸ்பாம்தான் ஒரு கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். உள்ளே வந்த குப்பையை ஒரு டெலிட் அமுக்கி ஒழிச்சிடலாம். உங்க சர்வர் வழியா ஊருக்கெல்லாம் குப்பை போச்சுன்னா, அதுக்கப்புறம் நீங்க அனுப்பற ஒழுங்கான இன்வாய்ஸ் கூட போய்ச் சேராது. காசு செலவழிக்க வேண்டிய இடம், கவலைப்பட வேண்டிய இடம் ரெண்டும் அங்கேதான். ஆனா அந்த வாசலுக்கு வாட்ச்மேனே கிடையாது.

கம்ப்யூட்டர் ஆசாமிகள் இல்லாத நண்பர்களுக்காக ரெண்டு வரி (மத்தவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம்). மெயில் சர்வர்ங்கறது ஒரு தபாலாபீஸ். தன் ஊருக்கு வந்த தபாலை வீடு வீடா கொடுக்கறது ஒரு வேலை. தன் ஊர்க்காரங்க எழுதின தபாலை வெளியூருக்கு அனுப்பறது இன்னொரு வேலை. இந்த ரெண்டிலும் சேராத ஒண்ணு இருக்கு. சம்பந்தமே இல்லாத ஒருத்தன், சம்பந்தமே இல்லாத இன்னொருத்தனுக்கு எழுதின தபாலை நம்ம ஆபீஸ் வழியா அனுப்பி வைக்கறது. இதுக்குப் பேர் ரிலே. யார் வந்து கேட்டாலும் அனுப்பி வைக்கற சர்வர், ஓப்பன் ரிலே.

இதை யாரோ முட்டாள்தனமா பண்ணி வெச்சதா நினைக்காதீங்க. ஜான் போஸ்டல் 1982-ல ஆர்எஃப்சி 821 எழுதினப்ப, நெட்வொர்க்ல இருந்த ஆளுங்க கொஞ்சம். கனெக்‌ஷன் நிக்கும், போகும். பக்கத்து சர்வர்க்காரன் மடலை வாங்கி வெச்சு, வழி கிடைக்கறப்ப தள்ளி விடறது ஒரு மரியாதை. நம்ம ஊர் வீடுகள்ல திண்ணை கட்டி வெச்ச மாதிரி. வழிப்போக்கன் யாருன்னு கேட்காம படுத்துட்டுப் போகட்டும்னு விட்டாங்க. இத்தனைக்கும் அதே போஸ்டல் 1975-லயே ஆர்எஃப்சி 706-ல, வேண்டாத மடலை எப்படித் தடுக்கறதுன்னு ஒரு சின்னக் குறிப்பு எழுதி வெச்சிருக்கார். மனுஷனுக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்திருக்கு. மூணே வருஷத்துல, 1978 மே மாசம், டிஇசி கம்பெனியோட விற்பனை ஆள் ஒருத்தர் ஆர்ப்பாநெட்ல சுமார் நானூறு பேருக்கு விளம்பர மடல் அனுப்பி, ஸ்பாமோட கணபதி ஹோமத்தை நடத்தி வெச்சார்.

தொண்ணூறுகள்ல திண்ணையில வந்து படுத்தவங்க எல்லாம் வழிப்போக்கனுங்க இல்லை. ஸ்பாம் பார்ட்டிங்க ஒரு மடலை, ஆயிரம் முகவரியோட, ஏதோ ஒரு பல்கலைக்கழக சர்வர்கிட்ட கொடுத்துட்டுப் போயிடுவாங்க. ஆயிரம் பேருக்கும் அனுப்பற செலவு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு. திட்டும் அவங்களுக்குத்தான். அப்புறம்தான் ஆளுக்காள் விழிச்சுக்கிட்டாங்க. 1998-ல வந்த சென்ட்மெயில் 8.9 ரிலேயைத் தானாவே மூடி வெச்சுது. வேணும்னா நீ திறந்துக்கோன்னு சொல்லிடுச்சு. 1999 பிப்ரவரியில ஆர்எஃப்சி 2505 வந்து, அனுமதி இல்லாத ரிலே கூடாதுன்னு எழுத்துல சொல்லிடுச்சு. திண்ணைக்குக் கிரில் கேட் போட்ட காலம் அது.

கேட் போட மாட்டேன்னு நின்னவரும் உண்டு. ஜான் கில்மோர். ஈஎஃப்எஃப் அமைப்பைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். ஓப்பன் ரிலேங்கறதுக்காக ஒருத்தரோட மடலைத் தடுக்கறது பேச்சுரிமைக்கு எதிரானதுன்னு சொல்லி, தன் சர்வரைத் திறந்தேதான் வெச்சிருந்தார். அவர் வாதத்துல எனக்கு மரியாதை உண்டு. பிளாக்லிஸ்ட் நடத்தறவங்க யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ராஜாக்கள்ங்கறது உண்மைதான். ஆனா அவர் வீட்டுத் திண்ணை அவர் சொந்தத் திண்ணை. நூறு பேர் சம்பளம் வாங்கற கம்பெனியோட மெயில் சர்வர் அப்படிக் கிடையாது. அங்கே கொள்கைக்கு ஆகற செலவை வேற யாரோ கட்டறாங்க.

பிளாக்லிஸ்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. டென்மார்க்ல இருந்து ஓஆர்டிபின்னு ஒண்ணு நடந்துது. திறந்து கிடக்கற ரிலேக்களைத் தேடிப் பட்டியல் போடறதுதான் அதுக்கு வேலை. 2006 டிசம்பர்ல, இனிமே ஸ்பாம் இந்த வழியா பெருசா வர்றதில்லைன்னு சொல்லி கடையைக் கட்டிட்டாங்க. ஆனா உலகம் முழுக்க அட்மின்கள் அந்தப் பேரைத் தங்களோட கான்ஃபிக்ல இருந்து எடுக்கவே இல்லை. பார்த்தாங்க... 2008 மார்ச்ல ஒரு நாள், யாரைப் பத்திக் கேட்டாலும் "ஆமா, அவன் பட்டியல்ல இருக்கான்"னு பதில் வர்ற மாதிரி மாத்தி விட்டுட்டாங்க. இன்னும் அவங்களையே கேட்டுக்கிட்டு இருந்த சர்வர்களுக்கெல்லாம் எந்த மடலும் வராம போச்சு. கொடூரமான வைத்தியம்தான், ஆனா சட்டுனு பலிச்சுது.

இந்தக் கதையில எனக்கு முக்கியமா படறது வேற. ஓப்பன் ரிலே முக்கியமான வழி இல்லைன்னு 2006-லயே மூடிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கும் அட்மின்கள் இணையத்துல ஏதோ ஒரு சோதனைப் பக்கத்துல சர்வர் பேரைப் போட்டு, "ஓப்பன் ரிலே இல்லை"ன்னு பச்சை டிக் வந்ததும் நிம்மதியா டீ குடிக்கப் போறாங்க. அந்தச் சோதனை பார்க்கறது முன்வாசல் பூட்டை மட்டும். திருடன் அந்தப் பக்கம் வர்றதை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு.

இப்ப எப்படி வர்றான்? சாவி போட்டு வர்றான். யாரோ ஒரு ஊழியரோட பாஸ்வேர்ட் அவன் கையில இருக்கு. 587-ம் போர்ட்ல வந்து, முறையா லாகின் பண்ணி, கம்பெனி ஆளாவே மடல் அனுப்பறான். சர்வரைப் பொறுத்தவரைக்கும் எல்லாம் சட்டப்படி.

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு இப்படி ஆனப்ப போய்ப் பார்த்திருக்கேன். அக்கவுன்ட்ஸ்ல ஒரு அம்மா. பாஸ்வேர்ட் அவங்க பையன் பேரும் 123-ம். அதையே ஊர்ல இருக்கற எல்லா வெப்சைட்டுக்கும் வெச்சிருந்தாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி அவங்க பேர்ல குப்பை கிளம்பியிருக்கு. காலையில சர்வரோட ஐபி ரெண்டு மூணு பிளாக்லிஸ்ட்ல. ஜெர்மனி பையருக்குப் போக வேண்டிய இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் திரும்பி வந்துடுச்சு. மெர்ச்சன்டைசர் தம்பி சமயோசிதமா தன் சொந்த ஜிமெயில்ல இருந்து அனுப்பியிருக்கார். அந்தப் பக்கம் என்ன சொன்னாங்க தெரியுமா? "வேற ஐடியில இருந்து இன்வாய்ஸ் வந்தா பணம் அனுப்பக் கூடாதுன்னு எங்க ரூல்." அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. பேங்க் அக்கவுன்ட் நம்பரை மாத்தி போலி இன்வாய்ஸ் அனுப்பி ஏமாத்தற கூட்டம் அவ்வளவு பெருகிப் போச்சு. ஆக, பணம் நின்னுது. திருப்பூர்ல சனிக்கிழமைன்னா சம்பளம். "மெயில் போகலைங்கறதுக்காக டெய்லருக்குச் சம்பளம் இல்லைன்னு சொல்ல முடியுங்களா தம்பி?"ன்னு முதலாளி என்கிட்ட கேட்டார். எங்கேயோ கைமாத்து வாங்கிக் கொடுத்து முடிச்சார். உள்ளே வர்ற ஸ்பாமால எந்த முதலாளியாவது இப்படிக் கைமாத்து வாங்கியிருக்காரா, சொல்லுங்க.

அந்த அம்மாவைத் திட்டறதுல எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு அக்கவுன்ட்ஸ் ஊழியர் ஒரு நாளைக்கு நாப்பது மடல் அனுப்பலாம், அம்பது அனுப்பலாம். நடுராத்திரி ஆயிரக்கணக்குல அனுப்பறப்ப, "ஏம்மா, தூங்கலையா?"ன்னு கேட்க சர்வர்ல ஒரு வரி கூட இல்லையே, அதுதான் தப்பு. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மடல்தான்னு ஒரு வரம்பு. அதைத் தாண்டினா நிறுத்தி வெச்சு அட்மினுக்கு ஒரு எஸ்எம்எஸ். இது மட்டும் இருந்திருந்தா அன்னிக்கு நூறு மடலோட முடிஞ்சிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ்ல ஒரு பாலிசி சர்வரைச் சேர்த்தா இதைச் செய்யலாம். பெரிய ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்லை, ஒரு மத்தியான வேலை.

இன்னொரு வழி, எனக்கு ரொம்பப் பிடிச்சது (அதாவது கண்டுபிடிக்கறதுல இருக்கற சுவாரசியத்தைச் சொல்றேன்). போஸ்ட்ஃபிக்ஸ்ல மைநெட்வொர்க்ஸ்னு ஒரு வரி உண்டு. அதுல எழுதின ஐபிக்கள் எல்லாம் வீட்டு ஆளுங்க, பாஸ்வேர்ட் கேட்காம அனுப்பிடும். ஆபீஸ் நெட்வொர்க் முழுசையும் அதுல போட்டு வெச்சிருப்பாங்க. ஒரு நாள் ஃபயர்வால் மாத்துவாங்க. புது ஃபயர்வால்காரர், வெளியே இருந்து 25-ம் போர்ட்டுக்கு வர்றதை மெயில் சர்வருக்குத் திருப்பி விடறப்ப, வந்தவனோட ஐபியை எடுத்துட்டு ஃபயர்வாலோட உள் ஐபியை ஒட்டி விட்டுடுவார். முடிஞ்சுது கதை. ரஷ்யாவுல இருந்து வந்தாலும், பிரேசில்ல இருந்து வந்தாலும், சர்வர் கண்ணுக்கு எல்லாருமே பக்கத்து ரூம்ல இருந்து வந்த மாதிரி தெரியும். கான்ஃபிக்ல ஒரு எழுத்து மாறலை, ஆனா ராத்திரியோட ராத்திரியா ஓப்பன் ரிலே. லாக்ல வெளியூர் மடல் எல்லாமே ஒரே உள் ஐபியில இருந்து வர்ற மாதிரி இருந்தா, வேற எதையும் பார்க்காதீங்க, நேரா ஃபயர்வாலுக்குப் போங்க.

போஸ்ட்ஃபிக்ஸ் எழுதினவங்களுக்கும் இந்த அபாயம் தெரிஞ்சிருக்கு. 2013-ல வந்த 2.10-ல, ரிலே யாருக்குங்கற விதியை ஸ்பாம் தடுக்கற விதியில இருந்து தனியா பிரிச்சு வெச்சாங்க. ஏன்னா ரெண்டும் ஒரே பட்டியல்ல இருந்தப்ப, "இந்த ஆளோட மடலை ஃபில்ட்டர் பண்ணாதே"ன்னு எழுதப் போய், "இந்த ஆள் யாருக்கு வேணா அனுப்பலாம்"னு அர்த்தமாயிடும். 2015-ல வந்த 3.0-ல, மைநெட்வொர்க்ஸ் தானா எடுத்துக்கற எல்லையையும் சுருக்கி, பக்கத்து மெஷின்களை விட்டுட்டு அந்த ஒரு மெஷின் மட்டும்னு ஆக்கினாங்க. நிரலாளர்கள் இத்தனை வருஷமா ஒவ்வொரு ஓட்டையா அடைச்சுக்கிட்டு வர்றாங்க. நாம ஒவ்வொரு ஓட்டையா திறந்துக்கிட்டு வர்றோம்.

ஏன் திறக்கறோம்? இங்கேதான் என் நிஜமான கோபம். "இதுக்கு மட்டும் விட்டுடுங்க." இந்த மூணு வார்த்தைதான் எல்லாத்துக்கும் காரணம். ஸ்கேனர்ல இருந்து மெயில் போகணும், அதுல பாஸ்வேர்ட் போடத் தெரியலை, அதுக்கு மட்டும் விட்டுடுங்க. வருகைப் பதிவு மெஷின், ஈஆர்பி, ஜெனரேட்டர் அலாரம்... அதுக்கும் விட்டுடுங்க. எம்.டி. சாருக்கு ரெண்டாவது பாஸ்வேர்ட், ஓடிபி எல்லாம் தொந்தரவு, அவருக்கு மட்டும் வேண்டாம். வேலையை விட்டுப் போன சேல்ஸ் மேனேஜரோட ஐடிக்கு இன்னும் என்கொயரி வருது, அதை மூடாதீங்க. ஒவ்வொண்ணும் தனித்தனியா பார்த்தா நியாயம்தான். அஞ்சு வருஷம் கழிச்சு எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா கேட்டே இல்லை, கேட் இருந்த இடத்துல ரெண்டு தூண் நிக்குது.

கேட்கறவர் பெரிய மனுஷர், செய்யறவன் சம்பளக்காரன். அவனால "முடியாது சார்"னு சொல்ல முடியாது. ஆனா பிளாக்லிஸ்ட்ல விழுந்த அன்னிக்கு "நீ என்னப்பா பண்ணிட்டிருந்தே?"ன்னு அவனைத்தான் கேட்பாங்க. அதனால அட்மின் தம்பிகளுக்கு ஒரு யோசனை. விதிவிலக்கு எல்லாத்தையும் ஒரு நோட்ல எழுதுங்க. யார் கேட்டாங்க, என்னிக்கு, எந்த ஐபிக்கு, எப்ப மூடணும். கேட்டவர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. பாதிப் பேர் கையெழுத்துன்னதும் "அப்ப வேண்டாம்ப்பா, ஸ்கேன் பண்ணி பென்டிரைவ்ல எடுத்துக்கறேன்"னு போயிடுவாங்க. தொழில்நுட்பத்தால ஆகாதது ஒரு பேனாவால ஆகும்.

சில பேர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் போட்டாச்சு, இனிமே கவலை இல்லைன்னு சொல்றாங்க. நல்ல விஷயம், போட வேண்டியதுதான். ஆனா அது தடுக்கறது வேற. உங்க பேரை வெச்சுக்கிட்டு வேற எங்கேயோ இருந்து ஒருத்தன் அனுப்பினா, வாங்கறவன் கண்டுபிடிக்கறதுக்கு அது. உங்க சர்வருக்குள்ளேயே புகுந்து அனுப்பறான்னா? ஐபி உங்களுது, எஸ்பிஎஃப் பாஸ். டிகிம் கையெழுத்தை உங்க சர்வரே ஒவ்வொரு குப்பை மடலுக்கும் பக்தியா போட்டுக் கொடுக்கும். ரப்பர் ஸ்டாம்ப்பை மேஜை மேல வெச்சுட்டுப் பூட்டாம போன மாதிரி.

"நாங்கதான் கிளவுடுக்குப் போயிட்டோமே"ங்கறது அடுத்த சமாதானம். போனது நல்லதுதான். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 மடல்னு வரம்பு வெச்சிருக்கு. மைக்ரோசாஃப்ட்ல ஒரு நாளைக்கு 10,000 பேருக்கு அனுப்பலாம். பாருங்க, நான் மேலே சொன்ன வரம்பைத்தான் அவங்க வெச்சிருக்காங்க. ஆனா நாப்பது மடல் அனுப்பற அம்மாவுக்கு 2,000-ங்கறது கொஞ்சம் தாராளம். போதாக்குறைக்கு, அந்த ஸ்கேனர் பிரச்சினை அங்கேயும் கூடவே வருது. ஆபீஸோட வெளி ஐபியைப் பதிவு பண்ணி வெச்சு, அங்கே இருந்து வந்தா பாஸ்வேர்ட் இல்லாம ரிலே பண்ற வசதி அங்கேயும் இருக்கு. ஸ்கேனருக்கும், வரவேற்பறையில வைரஸ் பிடிச்சுக் கிடக்கற பிசிக்கும், கெஸ்ட் வைஃபைக்கும் வெளி ஐபி ஒண்ணுதான்னா, யாருக்குத் திறந்து வெச்சிருக்கீங்கன்னு யோசிச்சுக்கோங்க.

அந்த பிசி விஷயத்துக்கு மருந்து ரொம்பப் பழசு. ஆபீஸ்ல இருந்து வெளியே போற 25-ம் போர்ட்டை மெயில் சர்வரைத் தவிர எல்லாருக்கும் மூடிடுங்க. ஊழியர்கள் மடல் அனுப்ப 587, இல்லைன்னா 465. பாஸ்வேர்ட் இல்லாம யாரும் அனுப்பக் கூடாது, தன் ஐடியில லாகின் பண்ணிட்டு இன்னொருத்தர் பேரை அனுப்புநர்னு போடவும் விடக் கூடாது. 25-ம் போர்ட்ல லாகின் வசதியே வேண்டாம், அது வெளி சர்வர்கள் வந்து தபால் போட்டுட்டுப் போற இடம். அப்புறம் இல்லாத முகவரிக்கு வர்ற மடலை வாசல்லயே மறுக்கணும். வாங்கி வெச்சுட்டு அப்புறம் "முகவரி இல்லை"ன்னு திருப்பி அனுப்பினா, அந்தத் திருப்பல் ஸ்பாம்காரன் திருடின அப்பாவியோட முகவரிக்குப் போகும். அதுவும் ஒரு வகையில நீங்க அனுப்பற ஸ்பாம்தான். கம்பெனி வெப்சைட்ல இருக்கற "தொடர்பு கொள்ள" படிவத்தையும் பாருங்க. 2005 வாக்குல அனுப்புநர் கட்டத்துக்குள்ள கூடுதல் வரிகளைத் திணிச்சு ஊருக்கே அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. அந்தக் காலத்துப் படிவங்கள் இன்னும் உயிரோட இருக்கற கம்பெனிகள் உண்டு.

பிளாக்லிஸ்ட்ல விழுந்துட்டா உடனே பேரை எடுக்கச் சொல்லி விண்ணப்பம் போடறாங்க பாருங்க, அதுவும் தப்பான வரிசை. முதல்ல லாகைப் படிச்சு எந்த ஐடி, எந்த ஐபின்னு கண்டுபிடிக்கணும், மூடணும், க்யூவுல தேங்கி நிக்கற குப்பையை அள்ளிக் கொட்டணும். அதைச் செய்யாம பேரை மட்டும் எடுத்தா, க்யூவுல மிச்சம் இருக்கறது கிளம்பிப் போய் திரும்பவும் விழுவீங்க. ரெண்டாம் தடவை அவ்வளவு சுலபமா எடுக்க மாட்டாங்க.

2024 பிப்ரவரியில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இறுக்கிட்டாங்க. 2025 மே மாசத்துல இருந்து அவுட்லுக்கும் சேர்ந்துக்கிச்சு. "அது ஒரு நாளைக்கு 5,000 மடல் அனுப்பறவங்களுக்குத்தானே, நாங்க சின்னக் கம்பெனி"ன்னு ஒரு நண்பர் சொன்னார். முழு விதிகள் அவங்களுக்குத்தான். ஆனா ஸ்பாம்னு வர்ற புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும்ங்கறதை ஜிமெயில் எல்லாருக்கும்தான் வெச்சிருக்கு. ஆயிரத்துக்கு மூணு பேர். ஒரு ராத்திரி பாஸ்வேர்ட் திருடு போனா அந்தக் கணக்கு என்ன ஆகும்னு அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கேன்.

பி.கு: ஸ்பாமை எரிதம்னு எழுதலையேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். ஆனா திருப்பூர் முதலாளிகிட்ட "உங்க சர்வர்ல இருந்து எரிதம் போகுது"ன்னு சொல்லிப் பார்த்தேன். கையில இருந்த டீயை வெச்சுட்டு, ஃபயர் எக்ஸ்டிங்குஷரைத் தேடி எழுந்துட்டார்.